மாட்டுக்குப் போட்ட ஊசி

பிப்ரவரியில் செரெங்கெட்டியின் தென்கோடிச் சமவெளியில் ஆறரை மணி வாக்கில்தான் பொழுது புலரும். என்டூட்டு ஏரிக்கரைக் கூடாரங்களிலிருந்து ஜீப்புகள் அதற்கு முன்பே கிளம்பிவிடுகின்றன. கூரையை உயர்த்திவிட்டு எழுந்து நிற்கும் பயணிக்கு முதலில் எட்டுவது சத்தம்தான். மழை முடிந்த இரவில் தவளைகள் விடாமல் கத்துவதுபோல் நாலா பக்கமும் 'க்னூ, க்னூ' என்று ஒரு முனகல். வெளிச்சம் ஏற ஏற, அடிவானம் வரை குட்டைப் புல்லில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தவற்றுக்குக் கொம்பும் தாடியும் சரிந்த முதுகும் முளைக்கின்றன. வில்டபீஸ்ட். சுவாஹிலி பேசும் ஓட்டுநர்கள் இதை நியும்பு என்பார்கள். செரெங்கெட்டி, மாரா நிலப்பரப்பு முழுவதிலும் சேர்த்து இவை ஏறத்தாழ 13 லட்சம். கூடவே நடக்கும் வரிக்குதிரைகள் சுமார் 2 லட்சம்.

சஃபாரி போகிறவர்கள் பெரும்பாலும் சிங்கத்தை மனத்தில் வைத்துக்கொண்டுதான் போகிறார்கள். சிங்கத்துக்கு மாலை வரை பொறுக்கலாம். பிப்ரவரியில் முற்பகல் பிரசவ நேரம்.

ஜீப்பிலிருந்து முப்பது அடி தள்ளி ஒரு பெண் வில்டபீஸ்ட் படுப்பதும் எழுவதுமாக இருக்கிறது. வாலடியில் வெண்சவ்வுக்குள் இரண்டு முன்னங்குளம்புகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அது கூட்டத்தை விட்டு விலகவில்லை. சுற்றிலும் நிற்கும் தாய்களில் பாதிக்கு இதே நிலைமை. இந்தக் கட்டத்தில் கழுதைப்புலி வந்துவிட்டால் தாயால் பிரசவத்தை நிறுத்திவைத்துவிட்டு ஓட முடியும். தலை வெளியே வந்தபின் அது நடக்காது. சற்று நேரத்தில் தலை வருகிறது, தோள் வருகிறது, பிறகு கன்று மொத்தமாகச் சரிந்து புல்லில் விழுகிறது. ஈரம் ஒட்டிய இளம்பழுப்பு உடல். குளம்புகளின் நுனியில் மஞ்சள் நிறத்தில் மெத்தென்ற ஒரு திசு. தாயின் கருப்பையைக் கீறிவிடாமல் இதுவரை காத்த உறை அது, நடக்கத் தொடங்கியதும் தேய்ந்துபோகும். கன்று முன்கால்களை ஊன்றுகிறது, முகம் குப்புற விழுகிறது. பின்கால்களை உயர்த்துகிறது, பக்கவாட்டில் சாய்கிறது. தாய் நக்கிக்கொண்டே இருக்கிறது. நான்காவது, ஐந்தாவது தடவையில் நான்கு காலும் நிலத்தில் நிற்கின்றன. வில்டபீஸ்ட் கன்று பிறந்து எழுந்து நிற்கச் சராசரியாக ஆறேழு நிமிடங்கள் போதும். அன்று மாலைக்குள் அது தாயோடு சேர்ந்து ஓடும்.

1960களில் ங்கோரோங்கோரோ எரிமலைப் பள்ளத்துக்குள்ளேயே குடியிருந்து இந்த விலங்கை ஆராய்ந்தவர் ரிச்சர்ட் எஸ்டஸ். கன்றுகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு மூன்றே வாரங்களுக்குள் பிறந்துவிடுவதை அவர் எடுத்துக்காட்டினார். காரணம் எளிமையானது, கொடூரமானதும்கூட. ஒரு பகுதியில் இருக்கும் கழுதைப்புலிகளுக்கும் சிங்கங்களுக்கும் ஒரு நாளில் இவ்வளவுதான் தின்ன முடியும் என்ற வரம்பு உண்டு. நாள்தோறும் ஆயிரக்கணக்கில் கன்றுகள் பிறந்தால் பெரும்பான்மை தப்பிவிடும். அந்த மூன்று வாரத்துக்கு முன்னாலோ பின்னாலோ தனியாகப் பிறக்கும் கன்று பிழைப்பது அரிது. தலைமுறை தலைமுறையாகத் தப்பிப்பிழைத்தவை ஒன்றாகப் பிறந்த கன்றுகள். அதனால் இன்றும் ஒன்றாகவே பிறக்கின்றன.

வில்டபீஸ்ட்கள் பிரசவத்துக்கு இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. கிழக்கே ஓல் தோய்ன்யோ லெங்காய் என்ற எரிமலை நிற்கிறது. மாசாய் மக்கள் கடவுளின் மலை என்று வணங்குவது. அதுவும் அதன் பக்கத்து எரிமலைகளும் உமிழ்ந்த சாம்பல் காற்றில் வந்து இந்தச் சமவெளியில் படிந்தது. மழைநீரில் கரைந்த சுண்ணாம்பு மண்ணுக்கடியில் கெட்டித்தட்டிக் கிடப்பதால் மரவேர் இறங்க வழியில்லை. புல் மட்டுமே வளர்கிறது. அந்தப் புல்லில் பால் கொடுக்கும் தாய்க்கு வேண்டிய கால்சியமும் பாஸ்பரஸும் நிறைய. மரமில்லாத வெட்டவெளியில் பதுங்கி வரும் எதிரியும் தூரத்திலேயே தெரியும். மே வாக்கில் மழை ஓய்ந்து குட்டைகள் வற்றியதும் கூட்டம் வடமேற்காக நகர்ந்து, ஆண்டின் நடுவில் கென்யாவின் மாரா ஆற்றங்கரைக்குப் போய், நவம்பர், டிசம்பரில் மழை வரும்போது மறுபடி இங்கே திரும்பும்.

ஒன்பது மணிக்கு ஒரு கழுதைப்புலி வருகிறது. தனியாக, அவசரமே இல்லாமல், கூட்டத்தின் ஊடாக நடந்துபோகிறது. நிற்காத கன்றுக்கு அதன் கண்ணில் இடம் உண்டு; மற்றவற்றைப் பார்ப்பதுகூட இல்லை. கழுதைப்புலி பிறர் கொன்றதைப் பிடுங்கித் தின்னும் விலங்கு என்ற பேச்சு இன்றும் ஜீப்புக்கு ஜீப்பு கேட்கும். ஹான்ஸ் குரூக் என்ற டச்சு ஆய்வாளர் 1972-ல் வெளியிட்ட நூலிலேயே அதற்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டார். இரவிரவாகப் பின்தொடர்ந்து அவர் பார்த்ததில், அவை தாம் தின்பதில் பெரும்பகுதியைத் தாமே வேட்டையாடின. ங்கோரோங்கோரோவில் பல காலைகளில் சிங்கம் காவல் காத்த உடல், இரவில் கழுதைப்புலிகள் கொன்றதாக இருந்தது. பின்னர் ஹெரிபெர்ட் ஹோஃபர், மரியன் ஈஸ்ட் இருவரும் இன்னொன்றைக் கண்டார்கள். கூட்டம் தொலைவில் இருக்கும் மாதங்களில், பால் கொடுக்கும் தாய்க் கழுதைப்புலி குட்டிகளை வளையில் விட்டுவிட்டுச் சராசரியாக 40 கிலோமீட்டர் போய், வேட்டையாடித் தின்று, அதே தூரம் திரும்பிவந்து பாலூட்டுகிறது. அந்த மாதங்கள் முழுவதும் திரும்பத் திரும்ப இதே நடை. இப்படிப்பட்ட விலங்கைக் கோழை என்று கதைகளில் எழுதியிருப்பது அநியாயம்.

வெயில் ஏறியதும் வண்டிகள் வேல மரங்களின் நிழலுக்கு ஒதுங்குகின்றன. சாப்பாட்டுப் பெட்டிகள் திறக்கின்றன. ஆதி காலத்திலிருந்தே ஆப்பிரிக்கா இப்படித்தான் இருந்திருக்கும் என்று யாராவது ஒருவர் சொல்லாமல் இருப்பதில்லை. சொல்வது இயல்பு. ஆனால் அது உண்மையல்ல.

1958-ல் ஜெர்மானிய விலங்கியலாளர் பெர்ன்ஹார்ட் கிரிமெக்கும் அவருடைய மகன் மிக்காயேலும் இதே சமவெளிக்கு மேல் வரிக்குதிரைக் கோடுகள் தீட்டிய சிறு விமானத்தில் பறந்து விலங்குகளை எண்ணினார்கள். அவர்களுக்குக் கிடைத்த வில்டபீஸ்ட் கணக்கு ஏறத்தாழ ஒரு லட்சம். அடுத்த ஜனவரியில் ஒரு பாறு கழுகு மோதி விமானம் விழுந்து மிக்காயேல் இறந்தார். அவர் புதைக்கப்பட்டது ங்கோரோங்கோரோ விளிம்பில். தந்தையும் மகனும் எடுத்த ஆவணப்படம் ஆஸ்கார் பெற்று, செரெங்கெட்டி என்ற பெயரை உலகமெங்கும் கொண்டுபோனது. அவர்களுடைய எண்ணிக்கை குறைவானதுதான். 1961-ல் மேம்பட்ட முறையில் கணக்கெடுத்தபோது சுமார் இரண்டரை லட்சம் வந்தது. அதை அப்படியே ஏற்றுக்கொண்டாலும், இன்று ஜீப்பிலிருந்து தெரியும் ஐந்து விலங்குகளில் நான்கை அன்றைய காட்சியிலிருந்து அழித்துவிட வேண்டும். 1977-ல் அது 13 லட்சத்தைத் தாண்டியிருந்தது. பதினாறு ஆண்டுகளில் ஐந்து மடங்கு. யாரும் வில்டபீஸ்ட்களைக் கொண்டுவந்து விடவில்லை, தீனி போடவுமில்லை.

நடந்தது என்னவென்று புரிந்துகொள்ள 1880களின் இறுதிக்குப் போக வேண்டும். செங்கடல் கரையில் மாசாவா துறைமுகத்தில் இத்தாலியப் படைக்காக இறக்கிய மாடுகளோடு வெக்கை நோய் ஆப்பிரிக்காவின் கொம்புப் பகுதிக்குள் நுழைந்தது. அந்த மாடுகள் இந்தியாவிலிருந்து போனவை என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கு இந்த நோயின் பெயர் புதிதல்ல. கடுங்காய்ச்சல், வாய்ப்புண், நிற்காத கழிச்சல், ஒரு வாரம் பத்து நாளில் சாவு. ரிண்டர்பெஸ்ட் என்று ஆங்கில நூல்கள் சொல்வதும் இதைத்தான். தட்டம்மை வைரஸுக்கு நெருங்கிய உறவுள்ள வைரஸ் இது. முன்பின் இந்நோயைச் சந்தித்திராத ஆப்பிரிக்க மாடுகளில் பத்துக்கு எட்டு, ஒன்பது செத்தன. பத்தே ஆண்டுகளுக்குள் நோய் கண்டத்தின் தென்முனை வரை இறங்கிவிட்டது. காட்டெருமை, வில்டபீஸ்ட், ஒட்டகச்சிவிங்கி, ஈலண்ட் மான் என்று பிளவுக் குளம்புள்ள காட்டு விலங்குகளும் குவியல் குவியலாகச் சரிந்தன.

மாடே வாழ்வாக இருந்த மாசாய் மக்கள் பட்டினியில் வீழ்ந்தார்கள். பின்னாலேயே பெரியம்மையும் வறட்சியும் வந்தன. அந்தக் காலத்தை அவர்கள் எமுடாய், அதாவது அடியோடு அழிந்த காலம், என்று இன்றும் நினைவுகூர்கிறார்கள். 1890களின் தொடக்கத்தில் அந்த வழியே சென்ற ஆஸ்திரியப் பயணி ஆஸ்கார் பவுமன், மாசாய்களில் மூன்றில் இரண்டு பங்கினர் மாண்டிருக்கலாம் என்று மதிப்பிட்டார். மேய்ச்சல் நின்ற நிலங்களில் புதர் மண்டியது. புதரில் ட்செட்சி ஈ பெருகியது. ஈயோடு உறக்க நோய் வந்தது. எஞ்சியவர்களும் ஊரைக் காலிசெய்தார்கள். பிறகு வந்த ஐரோப்பிய ஆட்சியாளர்கள் ஆளில்லாத அந்த நிலத்தைப் பார்த்து, மனிதக் காலடி படாத காடு என்று முடிவுகட்டினார்கள். 1951-ல் செரெங்கெட்டி தேசியப் பூங்காவானது. 1959-ல் அங்கே மிஞ்சியிருந்த மாசாய்கள் ங்கோரோங்கோரோ பக்கம் அனுப்பப்பட்டார்கள். சஃபாரி விளம்பரங்களில் இந்த வரலாறு இடம்பெறுவதில்லை. இடம்பெற வேண்டும்.

முதல் பேரழிவுக்குப் பிறகும் வெக்கை நோய் போகவில்லை. தாய்ப்பால் வழி கிடைத்த எதிர்ப்பாற்றல் தீர்ந்ததும், ஒரு வயது வாக்கில் வில்டபீஸ்ட் கன்றுகள் ஆண்டுதோறும் செத்துக்கொண்டே இருந்தன. பிறந்தது வளராததால் எண்ணிக்கை ஏறவே இல்லை. நோய் காட்டு விலங்குகளில் தங்கியிருக்கிறது, அங்கிருந்துதான் மாட்டுக்கு வருகிறது என்று பலர் நம்பினார்கள். அந்த நம்பிக்கையின் பேரில் காட்டு விலங்குகளைச் சுட்டுக் கொன்ற நாடுகளும் உண்டு.

உண்மை தலைகீழாக இருந்தது. 1950களின் பிற்பகுதியில் பூங்காவைச் சுற்றியுள்ள கிராமங்களில் மாடுகளுக்குத் தடுப்பூசி போடும் வேலை மும்முரமாக நடந்தது. பூங்காவுக்குள் ஒரு விலங்குக்குக்கூட ஊசி போடவில்லை. 1963 வாக்கில் வில்டபீஸ்ட் கன்றுகளிடம் நோய் காணாமல் போயிற்று. வைரஸ் உயிரோடு சுற்றிக்கொண்டிருந்தது மாட்டு மந்தைகளில்தான். காட்டு விலங்குகளுக்கு அங்கிருந்துதான் தொற்றிக்கொண்டிருந்தது. இதே காலத்தில் கென்யாவின் முகுகா ஆய்வகத்தில் வால்டர் பிளௌரைட் என்ற ஆங்கிலேயக் கால்நடை மருத்துவர், கன்றின் சிறுநீரகச் செல்களில் வைரஸைத் திரும்பத் திரும்ப வளர்த்து அதன் வீரியத்தை அடக்கினார். விலை குறைந்த, ஒரே ஊசியில் ஆயுள் முழுவதும் காக்கும் தடுப்பு மருந்து கிடைத்தது. 1999-ல் உலக உணவுப் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது.

காரணம் ஊசிதான், மழை பெய்ததாலோ வேறு எதனாலோ அல்ல என்று எப்படிச் சொல்வது? 1965-லிருந்து செரெங்கெட்டியில் ஆய்வு செய்துவந்த அந்தோணி சின்க்ளேர் இதற்கு வரிக்குதிரையைச் சாட்சிக்கு அழைத்தார். வரிக்குதிரை அசைபோடும் விலங்கல்ல. வெக்கை நோய் அதைத் தொடாது. அதே புல், அதே மழை, அதே சிங்கங்கள். வில்டபீஸ்ட் ஐந்து மடங்காகிக் காட்டெருமையும் பெருகிய அந்த ஆண்டுகளில் வரிக்குதிரை எண்ணிக்கை இருந்த இடத்திலேயே நின்றது. 1970களில் வறட்சி மாதங்களிலும் மழை கூடுதலாகப் பெய்தது வளர்ச்சிக்குத் துணைசெய்தது உண்மை. ஆனால் கதவைத் திறந்துவிட்டது மாட்டுக்குப் போட்ட ஊசி.

மதியம் மூன்று மணிக்கு ஜீப் மறுபடி கிளம்பும்போது, இதை அறிந்த பயணிக்கு வழியில் தெரிவதெல்லாம் வேறுமாதிரி தெரியும். சமவெளியைத் தாண்டி மரக்காட்டுக்குள் வண்டி நுழைகிறது. குடை விரித்த வேல மரங்கள், அவற்றினூடே கழுத்தை நீட்டிய ஒட்டகச்சிவிங்கிகள். இந்த மரங்களில் பலவும் அந்த ஊசியின் பிள்ளைகள். வில்டபீஸ்ட் குறைவாக இருந்த காலத்தில் புல் ஆளுயரம் வளர்ந்து காய்ந்து, கோடைதோறும் பெருந்தீயாக எரிந்தது; முளைத்த மரக்கன்றுகள் கருகின. கூட்டம் பெருகியதும் புல் மேயப்பட்டது. எரிய ஒன்றுமில்லாததால் தீ சுருங்கியது. மரக்கன்றுகள் தப்பி வளர்ந்தன. ஒட்டகச்சிவிங்கிக்கு எட்டும் உயரத்தில் இளந்தழை கூடியது. ரிக்கார்டோ ஹோல்டோவும் சின்க்ளேர் உள்ளிட்ட கூட்டாளிகளும் 2009-ல் வெளியிட்ட ஆய்வு இந்தச் சங்கிலியைக் கண்ணி கண்ணியாகத் தொடர்ந்து, கார்பனைக் காற்றில் விட்டுக்கொண்டிருந்த செரெங்கெட்டி கார்பனைச் சேமிக்கும் நிலமாக மாறியிருக்கிறது என்ற முடிவுக்கு வந்தது. ஒரு வைரஸ் ஒழிந்ததில் ஒரு காடு வளர்ந்திருக்கிறது.

வில்டபீஸ்ட் மேய்ந்துபோன இடத்தில் சில வாரங்களில் தாம்சன் மான்கள் வந்து சேர்வதை சாமுவேல் மெக்னாட்டன் 1970களிலேயே கவனித்துப் பதிவுசெய்தார். மேய்ந்த புல் அடர்த்தியாகவும் பசுமையாகவும் மறுபடி துளிர்க்கிறது. சிறிய வாய் கொண்ட மானுக்கு அதுவே ஏற்ற உணவு. அந்த மான்களைத் தேடித்தான், கறையான் புற்றின்மேல் ஏறி நின்று சுற்றுமுற்றும் பார்க்கும் சிவிங்கிப்புலி வருகிறது.

மாலை ஐந்தரைக்கு சிங்கங்கள். பாறைக் குன்றின் நிழலில் நான்கு பெண் சிங்கங்கள், அவற்றின்மேல் ஏறி விளையாடும் குட்டிகள். எட்டு ஜீப்புகள் சுற்றி நிற்கின்றன. சிங்கங்கள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. இரை பெருகியதால் 1970களில் சிங்கமும் கழுதைப்புலியும் பெருகின. ஜார்ஜ் ஷாலர் 1966-ல் தொடங்கிய சிங்க ஆய்வு கைமாறிக் கைமாறி, கிரெய்க் பேக்கர் காலத்தில் பல தலைமுறைச் சிங்கங்களை முகம் முகமாக அறிந்துவைத்திருந்தது. அதனால்தான் 1994-ல் நடந்ததன் அளவு துல்லியமாகத் தெரியவந்தது. சிங்கங்களுக்குத் திடீரென்று முகம் துடித்தது, வலிப்பு வந்தது. சில மாதங்களில் ஏறத்தாழ ஆயிரம் சிங்கங்கள் இறந்தன. இருந்தவற்றில் மூன்றில் ஒரு பங்கு. காரணம் நாய்களின் டிஸ்டெம்பர் வைரஸ். வெக்கை நோய் வைரஸின் நெருங்கிய உறவினர்தான் இதுவும். அதற்கு முந்தைய ஆண்டு வறட்சியில் மெலிந்த காட்டெருமைகளைத் தின்றதில், உண்ணிகள் வழிப் பரவும் ஓர் இரத்த ஒட்டுண்ணியும் சிங்கங்களுக்குள் பெருகியிருந்தது. இரண்டும் சேர்ந்து தாக்கியதால்தான் சாவு அவ்வளவு அதிகம் என்று பிந்தைய ஆய்வு சொன்னது. அதன்பின் பூங்காவைச் சுற்றியுள்ள கிராமங்களில் நாய்களுக்கு ஊசி போடத் தொடங்கினார்கள்.

கால்நடை நோயைக் கையாள இன்னொரு வழியும் ஆப்பிரிக்காவில் முயன்று பார்க்கப்பட்டது. போட்ஸ்வானாவில் கோமாரி நோய் பரவாமலிருக்க 1950களிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்குக் கம்பி வேலி போட்டார்கள். 1980களின் வறட்சியில் கலஹாரி வில்டபீஸ்ட்கள் தண்ணீரை நோக்கி நடந்து அந்த வேலியில் முட்டி நின்றன. பல்லாயிரக்கணக்கில் அங்கேயே செத்தன. அந்தப் பெருங்கூட்டம் மறுபடி உருவாகவே இல்லை. நோயைத் தடுக்க வேலி போட்ட இடத்தில் கூட்டம் அழிந்தது, ஊசி போட்ட இடத்தில் ஐந்து மடங்கானது. கால்நடைக்கும் காட்டு விலங்குக்கும் நடுவே எதைப் போடுவது என்று யோசிக்கும் எந்த அரசும் இந்த இரண்டு கணக்குகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

இந்தியாவும் இந்தக் கதைக்கு வெளியே இல்லை. 1920களில் இமயமலை அடுக்கில் முக்தேஷ்வர் ஆய்வகத்தில் எட்வர்ட்ஸ் என்பவர் ஆட்டில் வளர்த்து வீரியம் குறைத்த தடுப்பு மருந்தை உருவாக்கினார். அதற்குப் பின்னும் நோய் ஓயவில்லை. 1968-ல் முதுமலையிலும் பந்திப்பூரிலும் காட்டுமாடுகள் வெக்கை நோயில் கூட்டம் கூட்டமாக மடிந்தன. நாட்டின் கடைசித் தொற்று 1995-ல் தமிழ்நாட்டில் பதிவானது. உலகின் கடைசித் தொற்று 2001-ல் கென்யாவின் மேரு தேசியப் பூங்காவில், காட்டெருமைகளிடம். 2011-ல் வெக்கை நோய் பூமியிலிருந்து ஒழிந்ததாக ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பும் உலக விலங்கு நல அமைப்பும் அறிவித்தன. பெரியம்மைக்குப் பிறகு மனிதர்கள் முற்றாக ஒழித்த இரண்டாவது நோய் இது.

அதன் தங்கை இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆட்டுக்கொல்லி நோய் என்று கால்நடைத் துறையினர் சொல்லும் பி.பி.ஆர். மங்கோலியாவில் 2016, 2017-ல் வளர்ப்பு ஆடுகளிடமிருந்து சைகா மான்களுக்குத் தாவி ஆயிரக்கணக்கில் கொன்றது. செரெங்கெட்டியைச் சுற்றியுள்ள காட்டு விலங்குகளின் இரத்தத்திலும் இந்த வைரஸ் தீண்டிய அடையாளம் கிடைத்திருக்கிறது. இந்தியாவில் இந்நோய் முதலில் கண்டறியப்பட்டது 1987-ல், விழுப்புரம் பக்கத்து அரசூரில். அந்த ஊரில் எடுத்த வைரஸிலிருந்தே தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் ஒரு தடுப்பு மருந்தை உருவாக்கியது. அரசூர் 87 என்றே அதற்குப் பெயர். 2030-க்குள் ஆட்டுக்கொல்லியையும் உலகிலிருந்து ஒழிப்பது என்பது இலக்கு. ஊருக்குக் கால்நடை முகாம் வரும் நாளில் பட்டியில் உள்ள ஆடுகளில் ஒன்றைக்கூட விடாமல் ஓட்டிக்கொண்டு போய் ஊசி போட்டுவிடுங்கள்.